யமீனாவிடம் கேட்காத கேள்வி

கான்ஸ்டன்டைன் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையை இருபது வருஷமாக ஆண்டவள் யமீனா. நானூறு பிள்ளைகளுக்குப் பருப்பு சூப் வைப்பாள். உப்பைப் பற்றிப் பேச வந்த தலைமையாசிரியரைக் கரண்டியும் கையுமாக வாசல்வரை கொண்டுபோய் விடுவாள். அவள்தான் நாற்பத்தேழு வயதில் இளைத்துத் துரும்பானாள். அடிவயிற்றில் ஓயாத வலி, மாலையானால் காய்ச்சல்.

ஊரே கொண்டாடும் அறுவை மருத்துவர் பேராசிரியர் பென்சாலம், மாணவர்கள் புடைசூழ வந்து, கைப்பேசியில் யாரையோ கடிந்துகொண்டே அவள் வயிற்றில் இரண்டு விரல்களை வைத்தார். சினைப்பையில் புற்றுநோய், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று அவள் கணவன் லக்தரிடம் சொன்னார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்குக் கேள்வி எதற்கு?

லக்தர் மூன்று நாள் அழுதான். நான்காம் நாள் சவரம் செய்துகொண்டான். அவனுடைய அக்கா ஹூரியா, நோயாளியைப் பார்க்க என்று சொல்லி ஸ்கிக்தா ஊரிலிருந்து ஒரு விதவையை அழைத்து வந்தாள். வந்தவள் கட்டிலருகே ஐந்து நிமிஷமும் சமையலறையில் அரைமணி நேரமும் இருந்தாள். அலமாரிக் கதவுகள் திறந்து மூடுவதைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள் யமீனா.

மயக்க மருத்துவர் அடம்பிடித்ததால்தான் அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க ஏற்பாடானது. பென்சாலத்துக்கு அது வீண் வேலை. படம் பார்க்கும் டாக்டர் விசாம் இளம்பெண். எந்திரத்துக்குள் அனுப்புமுன், உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று கேட்டாள்.

“காப்பர் டி ஒண்ணு வச்சாங்க. மூணாவது பிள்ளை பொறந்தப்போ,” என்றாள் யமீனா.

“அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசு, அக்கா?”

“பதினேழு.”

“பத்து வருஷத்துல எடுத்திருக்கணுமே, இன்னும் எடுக்கவே இல்லையா? இத யாருமே கேக்கலையா?”

“என் வயித்தப் பத்தி எங்கிட்ட கேட்ட மொத ஆளு நீதாம்மா.”

படத்தில் காப்பர் டி தெரிந்தது. இரு பக்கமும் கருக்குழாய்கள் வீங்கி, தடித்த சுவருள்ள பைகளில் சீழ் கட்டியிருந்தது. இது எடுக்காமல் விட்ட காப்பர் டியால் வந்த நோய்த்தொற்றாகவே தோன்றுகிறது, ஊசியால் உறிஞ்சிப் பரிசோதியுங்கள், அதுவரை கத்தி வைக்காதீர்கள் என்று எழுதினாள் விசாம். உறிஞ்சியதில் வந்தது சீழ்தான், புற்றுநோய் இல்லை. காப்பர் டியை எடுத்தார்கள். ஆறு மாதம் பென்சிலின். அடுத்த படத்தில் கட்டி ஆலிவ் காயளவுக்குச் சுருங்கியிருந்தது.

அவள் இன்னும் வார்டில் இருந்தபோதே பென்சாலம் மாணவர்களை அவளிடம் கூட்டி வந்து, தொற்றாக இருக்குமென்று தமக்கு முதலிலேயே சந்தேகம் இருந்ததாக விளக்கினார்.

“அப்படியா டாக்டர்? எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் வேற சொல்லிட்டீங்க போல,” என்றாள் யமீனா. ஒரு மாணவி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஹூரியா தேன்பலகாரத்தோடு வீட்டுக்கு வந்து இறைவனின் கருணையைப் பற்றி நீளமாகப் பேசினாள்.

“அந்த ஸ்கிக்தாக்காரி சௌக்கியமா, மதினி? அலமாரியெல்லாம் பாத்துட்டுப் போனாளே, பிடிச்சிருந்ததாமா?”

ஹூரியா காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினாள். லக்தரை யமீனா விரட்டவில்லை. புதிதாக ஒருவனைப் பழக்கியெடுக்க அவளுக்குப் பொறுமையில்லை. வேலைக்குத் திரும்பிய வாரமே, கூடச் சமைக்கும் ஐந்து பெண்களையும் உட்கார்த்தி, யார் யாருக்கு எப்போது காப்பர் டி வைத்தார்கள் என்று விசாரித்தாள். இருவருக்குத் தேதியே நினைவில்லை. மறுநாள் காலையில் அவர்களை அவளே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.