ஒய்பி தின்னாத சோறு

மலேசியாவில், கிள்ளானில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டும் சுகுமாறனுக்கு யாரையும் கொஞ்சத் தெரியாது. பெண்டாட்டி தாமரையையே இருபத்தாறு வருஷமாக "ஏய்" என்றுதான் கூப்பிட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன், அவள் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம், கார் பார்க்கில் விழுந்துகிடந்த காக்காக்குஞ்சை பிஸ்கட் டின்னில் போட்டு நாலாம் மாடிக்குத் தூக்கி வந்தார். அவித்த முட்டையை விரல்நுனியில் வைத்து ஊட்டினார். வேலைக்கும் டின்னோடுதான் போனார். சீட்டுக்கடியில் குஞ்சு கத்தினால், போர்க்லிப்ட் ரிவர்ஸ் வருகிறது என்று ஆட்கள் ஒதுங்கி ஓடுவார்கள்.

பெயர் ஒய்பி; தொகுதி எம்.பி.யை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓட்டுக் கேட்க வருகிற ஒய்பி மாதிரியே வந்ததும் கத்தும், வாய் நிறையத் தின்னும், போய்விடும். ஆனால் இது பொழுது சாய்வதற்குள் அவர் தோளுக்குத் திரும்பிவிடும்.

போன மாதம் காக்காத் தொல்லை என்று நகராண்மைக் கழகத்திலிருந்து காக்கா சுட ஆட்கள் வந்தார்கள். அன்றைக்குப் பறந்த ஒய்பி திரும்பவில்லை. சுகுமாறன் முட்டையை மட்டும் தினமும் அவித்தார்.

இன்று தாமரையின் முதல் திதி. செமினியிலிருந்து வந்த அக்கா தனலெட்சுமி சமைத்து, இலையில் சோறு போட்டு வராந்தாச் சுவர்மேல் வைத்தார். காக்கா வாய் வைத்தால்தான் போனவள் சாப்பிட்டதாக அர்த்தம். அப்புறம்தான் வீட்டார் கை நனைக்கலாம். மணி ஒன்றரை. சுட்டதில் மிஞ்சிய காக்காக்கள் மனுஷன் நிற்கிற பக்கமே வரவில்லை.

"ஒரு வாய் சாப்பிடுடா. ஷுகர் மாத்திரை போட்டவன்லா நீ."

"அவ சாப்பிடட்டும்க்கா."

"உன் ஒய்பி வந்தாலும் செல்லாது, தெரிஞ்சிக்கோ. அது காக்கா இல்ல, நீ பெத்த புள்ள."

முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயை அமுக்கிவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வருவார். தாமரை தட்டோடு காத்திருப்பாள். "பசிக்கல" என்பார். அவள் சோற்றை மூடிவைப்பாள். அவள் சாப்பிட்டாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்காவது அவள்தான் முதலில் சாப்பிட வேண்டும்.

அக்கா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து நாக்கைச் சொடுக்கினார். டொக், டொக். முட்டை ஊட்டும்போது போடுகிற சத்தம். வெட்கமாக இருந்தது. இன்னொரு தரம் சொடுக்கினார்.

சடசடவென்று தோளில் வந்து இறங்கி அவர் காதைக் கவ்வி இழுத்தது ஒய்பி. கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குழாய்மேல், பயந்து ஒடுங்கிய இன்னொரு காக்கா. ஒய்பி இலைக்குத் தாவி வாய் நிறைய அள்ளியது. தின்னவில்லை. குழாய்க்குப் பறந்துபோய், மற்றதின் வாயில் ஊட்டியது. அது விழுங்கியது.

வாசலில் கரண்டியோடு நின்றார் தனலெட்சுமி.

"அது வெளிக் காக்காதானே?"

சுகுமாறன் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப தாமரை சாப்பிட்டுட்டாடா. வா, உட்காரு."

உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?"

"அடேய், அம்பத்தஞ்சு வயசுலதான் இதைக் கேக்கத் தெரிஞ்சிச்சா உனக்கு?" என்றபடி, அவரும் ஒரு தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.