சாமிக்கு இல்லாத ஓட்டு

தன் கார் டிரைவருக்கு 'பிரேக்' என்று பெயர் வைத்தது சாமிதான். நாய் குறுக்கே வந்தாலும் காரை நிறுத்துவார், காகிதம் பறந்து வந்தாலும் நிறுத்துவார். பின்னிருக்கையில் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும் சாமி ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்து முட்டிக்கொள்வார். ஆனால் ஒருநாளும் திட்டியதில்லை. பெயர் மட்டும் வைத்தார். அது டிரைவரின் மனைவி வாயிலும் ஒட்டிக்கொண்டது.

சாமி சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து மடம் அமைத்தவர். கூட வந்த அடியார் ஒருவரின் மகன் பிரேக். பிறந்தது இந்த மண்ணில்தான் என்றாலும் கையில் இருந்தது அகதி அட்டை. இங்கே பிறந்தவர்கள் குடியுரிமை கேட்கலாம், ஓட்டுப் போடலாம் என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆயிற்று. சாமிக்கே குடியுரிமையை மரியாதையாகக் கொடுக்கிறோம் என்று அரசாங்கம் ஆள் அனுப்பியது. "நான் வாங்கிட்டா, இனிமே இவர் திரும்பி வரமாட்டார்னு அங்க இருக்கிறவங்க நினைச்சுடுவாங்க" என்று சாமி மறுத்துவிட்டார். மற்றவர்கள் வாங்கக்கூடாது என்று அவர் சொன்னதே இல்லை. சொன்னது மடத்து மேனேஜர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஒரு சமையல்காரர் குடியுரிமை வாங்கிப் பகிரங்கமாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் அவரைச் சாமியின் அடுப்படியிலிருந்து கிளப்பி, ஊருக்கு வெளியே இருந்த கிடங்கில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

பிரேக்குக்கு அந்த ஸ்டியரிங்கை விட்டால் வேறு உலகம் கிடையாது. நீண்ட பயணங்களில் சாமி சொந்த ஊரைப் பற்றிப் பேசுவார். படித்துறை இருக்கும் ஆறு, ஆற்றைத் தாண்டினால் அவருடைய பள்ளிக்கூடம். பார்க்காத அந்த ஆற்றுக்காக ஏங்கியே பிரேக்குக்குத் தலை நரைத்தது. தேர்தல் வந்துவிட்டால் ஏக்கம் வேறு பக்கம் திரும்பும். காய்கறிக் கடைக்காரி முதல் தபால்காரர் வரை தெருவே வரிசையில் நிற்கும்; மை வைத்த விரலோடு சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பும். நம்மை அங்கேயும் கேட்பாரில்லை, இங்கேயும் கேட்பாரில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மனைவிக்கு மடத்துக்கு வெளியே தையற்கடையில் வேலை. மேனேஜரைப் பற்றி அவளுக்கு என்ன? குடியுரிமையை எப்போதோ வாங்கிவிட்டாள். "என்னங்க, இன்னும் எத்தனை நாளைக்கு மதில்மேல் பூனையா நிப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பிரேக்கும் யாருக்கும் தெரியாமல் வாங்கினார். தேர்தலன்று காலையில் வரிசையில் நின்று முதல் ஓட்டைப் போட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் மத்தியானம் சாமியை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போகவேண்டும் என்ற பயம் பிடித்தது. எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் தேய்த்துப் பார்த்தார். மை அசையவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று நம்புகிற ஜாதி அவர்.

கார் கிளம்பியதுமே சாமி கேட்டார். "விரல்ல என்னடா காயம்?"

சாமியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காரை ஓரங்கட்டித் துணியை அவிழ்த்துக் காட்டினார். "மன்னிச்சுடுங்க சாமி. மேனேஜருக்குத் தெரியாது. இந்த வண்டியை விட்டு என்னை இறக்கிடாதீங்க."

சாமி அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாக விசாரித்தார். வரிசை நீளமா? பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்களா? மை வைக்கும்போது ஜில்லென்று இருந்ததா? பிரேக் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னார்.

"கோபம் இல்லையா, சாமி?"

"கோபம் என்னத்துக்கு? நாளைக்கும் நீதான் வண்டி எடுக்கணும். எனக்கு ஆசையா இருக்குடா, அவ்வளவுதான். அந்த இடத்தைக் காட்டு."

ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். கேட்டில் நின்ற போலீஸ்காரர் சாமியை அடையாளம் கண்டு ஓடி வந்து கும்பிட்டார். "நேரா உள்ள வாங்க ஐயா, நீங்க வரிசைல நிக்க வேணாம்" என்றார்.

"எனக்கு இங்க ஓட்டு இல்லப்பா."

"அப்ப உங்க நாட்டுலயா?"

"அங்கயும் இல்ல."

 ஓட்டுப் போடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் இங்கே நிற்கக்கூடாது என்று போலீஸ்காரர் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு நகர்ந்தார். பிரேக்குக்கு இத்தனை காலமும் சாமி மேல் பக்தி இருந்தது, பயம் இருந்தது. பாவம் என்று தோன்றியது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகப் போனார்.

பின்னாலிருந்து சாமி அவர் தோளைத் தொட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இந்த வரிசையைப் பாத்துட்டுப் போலாமான்னு அந்தப் போலீஸ்காரர்கிட்ட கேளேன். நீ இந்த நாட்டுக்காரன், நீ கேட்டா விடுவாங்க."