மகேந்திரனின் தூசி எங்கே போனது?

மகேந்திரன் போய்விட்டான். இன்று காலை... பலாபத்வலயில் எங்கள் பக்கத்து வீட்டு மகேந்திரன்.

நெஞ்சுவலியாம். அப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் அடிக்கிறாள். அடித்ததைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

மகேந்திரன் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவன். பென்ஷன் எடுத்ததும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஸ்டூல், சாமி மாடம் என்று மரவேலை தொடங்கினான். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் மில். கொச்சிக்காய், அதுதான் காய்ந்த மிளகாய், கொத்தமல்லி எல்லாம் அரைக்கிற மில்.

சண்டை அங்கேதான் ஆரம்பம்...

மரம் தேய்க்கிற சேண்டர் மெசினை அவன் முதல் நாள் ஓட்டியதுமே, நாங்கள் காயப்போட்ட கொச்சிக்காய் மேல் மாவு பூத்த மாதிரி தூசி. அரைக்க வந்த ஒரு அம்மா ஒரு காயை எடுத்து ஊதிப் பார்த்தாள். "இது கொச்சிக்கா மில்லா, மர மில்லா?" என்றாள். பையோடு திரும்பிப் போனாள்.

தூளில் மரத்தூள் கலக்கிறான் என்று ஒரு வாய் சொன்னால் போதும். அதோடு மில்லுக்குப் பூட்டுத்தான்.

என் சம்சாரம் வேலியோரம் போய் நின்றாள். "தம்பி, உங்க ஸ்டூலை நாங்க கொழம்புல போட்டுத் திங்கணுமா?"

அவன் கோபிக்கவில்லை. பழைய வேக்குவம் கிளீனர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். அதன் குழாய் சேண்டரின் வாயில் சேரவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி மாட்டி, கம்பியால் இறுக்கினான்.

வேக்குவத்தின் பை சீக்கிரமே அடைத்துக்கொண்டது. நடுவில் மூடி போட்ட பெயிண்ட் வாளி ஒன்றை வைத்தான். தூசி வாளிக்குள் விழுமாம், காற்று மட்டும் வேக்குவத்துக்குப் போகுமாம். இரும்பு அறுக்கிற கிரைண்டரை மட்டும் அதில் மாட்டமாட்டான். பொறி உள்ளே போனால் கொட்டகையே எரியும் என்பான்.

நான் நம்பவில்லை. வெள்ளை வேட்டியை வேலியில் காயப்போட்டேன். சாயங்காலம் உதறிப் பார்த்தேன்... சுத்தம்.

"என்னண்ணே, வேட்டி பாஸா?" என்று அந்தப் பக்கமிருந்து சத்தம்.

தூசி நின்றது. எனக்கு வேறு யோசனை வந்தது. பறக்காத தூசி எங்கே போகிறது?

பார்த்தேன். சாக்கில் கட்டி த்ரீவீலில் ஏற்றினான். மெல்லிய தூள், மண்ணிறம்... அச்சு அசல் கொத்தமல்லித் தூள்! அதுவும் என் மில்லுக்குப் பக்கத்துக் கேற்றிலிருந்து.

"யாருக்குடா போகுது?"

"யட்டவத்தயில ஒருத்தருக்கு. கோழிக்கூட்டுல போடுறாரு."

"இவ்வளவு பொடியாவா? கோழி தும்மியே செத்துருமே!"

"பறந்தாலும் சத்தம் போடுறீங்க, சாக்குல கட்டுனாலும் சத்தம் போடுறீங்க. நான் முழுங்கவாண்ணே?"

பதில் மாதிரி இருந்தது. பதில் இல்லை.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. எங்கள் மில்லில் மல்லி அரைக்கக் கொடுத்தால், கடைசித் தூள் விழும்வரை கண்ணை எடுக்கமாட்டான். "நீங்க என் சாக்கைப் பாருங்க, நான் உங்க மெசினைப் பாக்குறேன்" என்பான்.

இன்று மத்தியானம் சாவு வீட்டுக்கு, தூசிச் சாக்கு வாங்குகிற அந்த யட்டவத்த ஆள் வந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கோழியெல்லாம் எப்படி இருக்கு?"

"கோழியா? என்கிட்ட ஏதுங்க கோழி?"

சம்சாரம் என் கையைக் கிள்ளினாள். நான் விடவில்லை. "அப்ப அந்தத் தூளு?"

"கொல்லையில குழி வெட்டிக் கொட்டுறேங்க. மில்லு பக்கத்துல சாக்கு கெடந்தா அண்ணன் பேரு கெட்டுரும், தூரமா கொண்டு போயிருன்னு அவருதான் சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

கேட்டுக்கொண்டேன்.

நாளைக்கு மில் இல்லை. யாரும் அரைக்கக் கொண்டுவர வேண்டாம்.

கருமாதி முடியட்டும். யட்டவத்தக்கு பஸ் ஏறிப் போய், அந்தக் குழியை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன். கோபிக்காதே மகேந்திரா...

போய் வா.