செல்விக்காக நின்ற பஸ்

கம்பெனி பஸ் டிரைவருக்கு வண்டி ஓட்டத்தான் உரிமை. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது எல்லாம் ஆபீஸ் முடிவு. அடுத்தவர் கடிகாரத்துக்கு ஓடிப் பழகிய உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

கொஞ்ச நேரம்

மாதனூர் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் இறக்குவது என் வேலை. தையல் லைனில் இருந்த செல்வி அப்போது மாசமாக இருந்தாள். மலையடியிலிருக்கும் அவள் ஊருக்குள் பஸ் போகாது. மெயின் ரோடு வரை நடந்துதான் வர வேண்டும். அன்று கிளம்பும் நேரமாகியும் அவள் தூரத்தில் இடுப்பைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். நின்று ஏற்றிக்கொண்டேன். லேட்டாகத்தான் போய்ச் சேர்ந்தோம். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸ் சார் கூப்பிட்டார்.

"இன்னா, உன் சொந்த வண்டியா? நாளைக்கு நானே வர்றேன். நீ எப்படி நிறுத்துறன்னு பாக்குறேன்."

காலி பஸ்

சொன்னபடி மறுநாள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். செல்வி பாதி வழியில் வருவது தெரிந்தது. வண்டியை எடுக்கச் சொன்னார். நான் இஞ்சினை அணைத்துவிட்டேன். வேறு டிரைவரை வரவழைக்க அவர் போனை எடுத்தார். அதற்குள் பின்சீட்டிலிருந்த பாத்திமா டிபன் பையோடு எழுந்து இறங்கினாள். அவள் பின்னால் ஒருத்தி, இன்னொருத்தி. கடைசியில் பஸ்ஸே காலி. செல்வி வந்து சேர்ந்த பிறகும் அவளை ஏற்றக் கூடாது என்று சார் பிடிவாதமாக நின்றார். கம்பெனியில் தைக்க ஆளில்லாமல் வெட்டிய தோல் குவிந்து, லைன் நின்றுபோக, மேனேஜரே காரில் வந்துவிட்டார். யார் தூண்டிவிட்டது என்று கேட்டார். பாத்திமாதான் பதில் சொன்னாள்.

"யாரும் தூண்டல சார். அவ ஏறாம நாங்க வரல, அவ்ளோதான்."

புது ரூட்

அந்த வாரமே பஸ் ஊருக்குள் போக உத்தரவு வந்தது. அதற்குப் பின் நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. இருட்டில் நடந்து வர வேண்டுமே என்று வீட்டில் வேலைக்கு அனுப்பாமல் வைத்திருந்த பெண்களெல்லாம் கிளம்பினார்கள். ஒரு பஸ் போதாமல் இன்னொன்று விட வேண்டியதாயிற்று. செல்வியும் குழந்தை பிறந்தபின் வேலைக்குத் திரும்பினாள்.

என்னைத்தான் பேரணாம்பட்டு ரூட்டுக்குத் தூக்கியடித்தார்கள். மன்னிப்பு கேட்டால் பழைய ரூட் தருவதாக டைம் ஆபீஸ் சார் சொல்லி அனுப்பினார். கேட்கவில்லை. போன வாரம் அங்கேயும் ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள், நின்றேன். சார் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"இன்னாய்யா, அங்கயும் ஆரம்பிச்சிட்டியா?"

மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ ரூட் இருக்கிறது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கட்டும்.