பதினேழாம் நம்பர் வீட்டின் பதில்

பிள்ளைகளே, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா பெரட்டோடுதான் தொடங்கும். அந்தக் காலத்தில் ரப்பர் மரம் சீவப் போகுமுன், விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதுதான் பெரட்டு. தோட்டம் கைமாறி இப்போது சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை. ஆட்கள் குடியிருந்த லயத்து வீடு ஒன்றுகூட மிச்சமில்லை. நூறு வருஷம் தாண்டிய கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. திருவிழா அன்று காலையில் அம்மன் முன்னால் நின்று இன்னும் அந்தப் பழைய வீட்டு நம்பர்களைக் கூப்பிடுகிறோம். "இருக்கோம்" என்று பதில் சொல்லும் வீடு பொங்கல் அடுப்பில் ஒரு விறகு வைக்கும். மூன்று வருஷம் தொடர்ந்து பதில் வராவிட்டால் அந்த நம்பரை அப்புறம் கூப்பிடுவதே இல்லை.

எங்கள் வீடு பதினேழு. அந்த வீட்டில் பிறந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் லீவு கிடைக்காமல் இரண்டு வருஷம் தவறிவிட்டது. இது மூன்றாவது. என்ன ஆனாலும் போவது என்று முடிவு செய்தேன். கூட வேலை செய்யும் சீன நண்பருக்காக அவர்கள் பெருநாளில் நான் வேலை பார்த்தேன். திருவிழா அன்று எனக்காக அவர் பார்த்தார்.

திருவிழாவுக்கு முதல் நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையில் குரலே வரவில்லை.

"பேசாம படுங்க. ஆத்தாவுக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி.

ஆத்தாவுக்குத் தெரியும். கூப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டுமே. அந்த வீட்டில் பிறந்தவரோ அவர் பிள்ளையோதான் பதில் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: பாப்பா சொல்லட்டும்.

மகளுக்கு எட்டு வயது. மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். காரில் போகும் வழியெல்லாம் "இருக்கோம், இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தொழிற்சாலையில் விறகுக்காகக் கேட்டு வாங்கிய ஒரு பலகைத் துண்டு என் மடியில் இருந்தது.

கூப்பிட்டவர் லாரி ஓட்டும் அண்ணன்.

"பதினாறு!"

"இருக்கோம்!"

"பதினேழு!"

மகள் விறைப்பாக நின்று கையைத் தூக்கினாள். "ஹாடிர், சிக்கு!"

பள்ளியில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் மலாயில் சொல்கிற பதில் அது: 'இருக்கிறேன், வாத்தியாரே'. கோயிலே சிரித்தது.

"நான் எப்பம்மா சிக்கு ஆனேன்?" என்றார் லாரி அண்ணன்.

அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற ஆறாம் நம்பர் வீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "இது செல்லாது. இருக்கோம்னு சொல்லணும்லா."

நான் பலகையோடு அவர் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"அவருக்குத் தொண்ட போச்சு மாமா," என்றாள் மனைவி. "உங்களுக்குக் காதும் போச்சா?"

"பெரட்டுல தொரைக்கு நம்மாளுங்க 'யெஸ் சார்'னுதான சொன்னாங்க?" என்று லாரி அண்ணன் எங்களுக்காகப் பேசிப் பார்த்தார். "அப்பவும் பேரு போட்டாங்கல்ல?"

"அது தொரைக்கு. இது ஆத்தாவுக்கு."

எனக்கும் அவர் சொன்னது சரியென்றே பட்டது. ஆனால் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. லாரி அண்ணன் மறுபடி கூப்பிட்டார்: "பதினேழு!"

மகள் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் எதிரே மண்டியிட்டு, அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, உதட்டை மட்டும் அசைத்தேன். இ... ருக்... கோம். அவள் என் வாயையே பார்த்தாள்.

"இருக்கோம்."

"கேக்கல," என்றார் பெரியவர்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கோம்! இருக்கோம் தாத்தா!"

பெரியவர் விலகி வழிவிட்டார். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பலகையை அடுப்பில் வைத்தாள். பலகை கொஞ்சம் ஈரம். புகைந்து, பிறகு பிடித்துக்கொண்டது.

இப்போது என் குரல் சரியாகிவிட்டது. ஆனாலும் அடுத்த வருஷமும் பதில் சொல்லப்போவது அவள்தான். நண்பரிடம் ஷிப்டு மாற்ற இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.