கத்தரிப் பாத்தியில் விழுந்த கங்காணி

மலாயாவில், சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். அங்கே அடி விழாத நாள்தான் எங்களுக்குப் பண்டிகை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தால் அடி, புல் வெட்டும்போது நிரை கோணினால் அடி, அடித்ததும் அழுதால் அதற்கொரு அடி. அடிப்பவன் கங்காணி, அவனுக்கு மரியாதை போட்டு எழுத எனக்குக் கை வராது. ஒருமுறை அவன் பிரம்பு அம்மாவின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் வழிய நின்றவளிடம் என்ன ஆயிற்று என்று வெள்ளைக்காரத் தொரை கேட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் கங்காணி பிரம்போடு நின்றான்.

"விழுந்துட்டேன் தொரை" என்றாள் அம்மா.

தொரை நம்பிக்கொண்டு போனார். நம்புவதற்குத்தானே அவருக்குச் சம்பளம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அப்பா செத்தார், அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை போயிற்று. வேலைக்கு ஆகாதவளுக்குக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இடமில்லை என்றார்கள். நான் ஈப்போவில் ஒரு வக்கீல் வீட்டுச் சமையற்கட்டில் முடங்கிக் கிடந்தேன். அங்கே எனக்கே பாய் விரிக்க இடம் தேட வேண்டும். செமோர் சாலையில் ஆதரவற்ற முதியோருக்கென்று இருந்த விடுதியில், கையைக் காலைப் பிடித்து அவளைச் சேர்த்தேன். மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர்தான் அங்கே அதிகாரி. கை நீட்டினவர் யாரானாலும் அன்றைக்கே வெளியே என்பது அவர் சட்டம். சிலரைத் துரத்தியும் இருந்தார். வெளியே என்றால் அம்மாவுக்குக் கடைவீதி வாசல்தான்.

மழை விட்ட ஒரு ஞாயிறு, ஈப்போவில் இருந்த ஒரு தமிழர் சங்கத்துக்காரர்கள் விடுதியில் காய்கறித் தோட்டம் போடக் கிளம்பினார்கள். கடைச் சிப்பந்திகளும் சலவைக்காரர்களும். அவர்களுக்குத் தலைவராக, ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர். நானும் போனேன். விடுதியில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்குப் பொழுது போகும் என்பது கிராணியின் நல்லெண்ணம். ஆண்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த ஒருவன், காடழித்துக் கித்தா நட்டவனாக்கும் என்று முன்னே வந்தான். குழிக்குக் குழி இடைவெளி அளக்க வைத்திருந்த மூங்கில் கழியை கிராணி அவனிடம் கொடுத்தார். குரங்கு கையில் கொள்ளிக்கட்டை.

தண்ணீர்க் குடத்தோடு திரும்பியபோதுதான் நான் அவனைப் பார்த்தேன். பல் கொட்டி, கூன் விழுந்திருந்தது. ஆனால் எங்கள் கங்காணியேதான். கழி கைக்கு வந்ததும் அவனுக்குப் பாதி வயசு குறைந்துவிட்டது. நிரை பிடிக்கச் சொல்லிக் கத்தினான். கிழவர்களும் பழைய பழக்கத்தில் வரிசையாகக் குனிந்தார்கள். அந்த வரிசையில், மண்ணைத் தடவித் தடவி அம்மா கத்தரி நாற்று ஊன்றிக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டதும் அவள் கை நின்றது.

"நெர கோணுது பாரு, குருட்டுச் சனியனே" என்று அவள் மணிக்கட்டில் கழியால் ஒன்று போட்டான்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பொய் சொல்வானேன், கொன்றுவிடும் நினைப்பில்தான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவன் மறுபடி ஓங்க, இறங்கிய கழியை அம்மா பிடித்துக்கொண்டாள். அவன் அடி எங்கே விழும் என்று தெரிய அவளுக்குக் கண் வேண்டியதில்லை. ஒரே இழுப்பில் பிடுங்கி, குரல் வந்த பக்கம் வீசினாள். அவன் காதோரம் கிழிந்தது. அடுத்தது தோளில், அதற்கடுத்தது முழங்காலில். நாற்றுகளை நசுக்கிக்கொண்டு அலறி விழுந்தான். விழுந்தவனையும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிழவர்களில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை, குனிந்தபடியே நட்டுக்கொண்டிருந்தார்கள்.

டிரெஸ்ஸர் ஓடி வந்தார். என் கோபமெல்லாம் போய்விட்டது. இனி இவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அவர் கங்காணியைத் தூக்கி நிறுத்தி, யார் கை நீட்டியது என்று கேட்டார். அவன் முதுகுக்குப் பின்னால் அம்மா கழியை ஊன்றி நின்றாள், நடக்கத் துணைக்கு வைத்திருப்பவள்போல. கழியால் தரையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள். அவன் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது.

"விழுந்துட்டேங்கய்யா" என்றான்.

டிரெஸ்ஸர் நம்பினார். அம்மா அந்தக் கழியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாகும்வரை அதை ஊன்றித்தான் அந்த விடுதியில் நடந்தாள்.