குருவி என்று கூப்பிட்ட குரல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், நாலு நாற்காலி. எந்தப் பிள்ளைக்கு எந்தக் காலேஜ் என்று சொல்வது தொழில். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறென்ன கிடைக்கும்? வீட்டில் பிளஸ் டூ பிள்ளை வைத்திருந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். நீங்களும் பட்டவர்கள்தான்.

நோட்டீஸில் சிரித்த பெண்

மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். மகனுக்காகச் சேர்த்த காலேஜ் நோட்டீஸ்களை மேஜையில் பரப்பினார். எல்லாம் பளபளப்பு. புல்தரை, நூலகம், கையில் புத்தகத்தோடு சிரிக்கும் ஒரு பெண். "சீக்கிரம் சொல்லுங்க, வெளியே ஆள் நிக்குது" என்றேன்.

அவர் நோட்டீஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினார். கோவைக் காலேஜில் அதே பெண். சென்னையிலும் அதே பெண். கடைசி நோட்டீஸ் அவர் தம்பி படித்த காலத்தது, மடிப்பில் கிழிந்திருந்தது. அதிலும் அவள். அதே வயசு, அதே சிரிப்பு. விலைக்குக் கிடைக்கிற படம், எல்லோரும் வாங்கிப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குள் அவர் எல்லாவற்றையும் மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்: "பாவம் சார், இந்தப் பொண்ண எவனும் பாஸ் போட்டு வெளிய வுடல போலக்குது."

பாறை மேல் வந்த போன்

சின்னசாமி, வெள்ளிமலைக்கும் மேலே ஒரு குக்கிராமம். சாமை போடுகிறவர். மகள் அலமேலுவின் மார்க்குக்கு அரசு வேளாண்மைக் காலேஜே கிடைக்கும் என்று நான் பார்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் வந்து, "அது வேணாம் சார், நர்ஸிங் காலேஜுல கூப்பிட்டுட்டாங்க" என்றார்.

அவர்கள் ஊரில் சிக்னல் ஒரே ஒரு பாறை மேல்தான். ஏறி நின்றதும் போன் அடித்ததாம். ஒரு பெண் குரல். மார்க்கைச் சொன்னது. அப்பன் பேரைச் சொன்னது. அதெல்லாம் மார்க் பட்டியலைக் காலேஜுகளுக்கு விற்கிறவன் வேலை. ஆனால் அந்தக் குரல் அடுத்து, "குருவி பக்கத்துல இருக்குதா?" என்று கேட்டதாம். குருவி என்பது அலமேலுவை வீட்டில் கூப்பிடுகிற பேர். எந்த சர்டிபிகேட்டிலும் கிடையாது.

அது அவளுக்கு எப்படித் தெரியும்? அதை விட்டுவிட்டு, "ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தால் முடிந்தது. அரசுக் கலந்தாய்வில் நிற்க முடியாது. திருப்பிக் கேட்டால் மொத்தப் படிப்புக்கும் ஃபீஸ் வை என்பான்" என்று கத்தினேன். சின்னசாமி அசையவில்லை. சாமி தலையில் பூ வைத்துக் கேட்டாராம். வலது பக்கம் விழுந்தால் அனுப்பு, இடது என்றால் வேண்டாம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வலத்துலயே குடுத்துட்டுச்சு. உங்க கம்ப்யூட்டரு சாமிக்கு மேலயா சார்?"

பெல் அடித்தது

வேறு வழியில்லாமல் அந்த நர்ஸிங் காலேஜுக்கு அவர்கள்கூடப் போனேன். சர்டிபிகேட்டுகள் இருந்த மஞ்சள் பையை அலமேலு மடியில் வைத்திருந்தாள். "உனக்கு எதும்மா பிடிக்கும்?" என்றேன். "மண்ணு பத்திப் படிக்கணும் சார்" என்றாள், அப்பன் காதில் விழாத குரலில்.

காலேஜ் பேர் வேண்டாம். பெரிய ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே, முள்காட்டு நடுவில் மூன்று மாடி. நல்ல வெயில். வகுப்பறைகளில் ஃபேன் சுற்றியது. போர்டில் பாடம் எழுதியிருந்தது. பெஞ்சுகளில் தூசி, விரல் பட்ட தடம்கூட இல்லை. பெல் அடித்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை. படிக்கட்டடியில் மணிக்கு அருகே வாட்ச்மேன் நின்றிருந்தார். "லீவாய்யா?" என்றேன். "லீவுன்னா எனக்கும் குடுத்திருப்பாங்கல்ல? அடிக்கச் சொன்னாங்க, அடிச்சிக்கினு இருக்கேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம்

ஆபீஸ் அறையில் டை கட்டிய மேனேஜர் கையை நீட்டினான். "ஒரிஜினல வையுங்க, சீட்டு இன்னிக்கே உறுதி." சின்னசாமி மகளிடமிருந்து பையை வாங்கி மேஜையில் வைத்துவிட்டார். மேனேஜர் சீல் எடுக்க உள்ளே போனான்.

அப்போது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் போனில் பேசத் தொடங்கினாள். "வாழ்த்துகள் தங்கச்சி, உங்க மார்க்குக்கு..." சின்னசாமி கையெடுத்துக் கும்பிட்டார். பாறை மேல் கேட்ட அதே குரலாம். அலமேலு எழுந்து தடுப்பருகே போனாள். "பொன்னி அக்கா?"

பேச்சு நின்றது. பொன்னி பக்கத்து ஊர்ப் பெண். அலமேலுவை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். படிக்கவென்று மலை இறங்கியவள் திருவிழாவுக்குக்கூட ஏறவில்லை. பெரிய வேலையில் இருக்கிறாள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. பலகை இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "பைய எடுத்துக்கினு போயிடு குருவி. என் சர்டிபிகேட்ட பீரோவுல பூட்டிட்டாங்க. ஆளு சேத்து வுட்டாதான் தருவாங்களாம்." உள்ளே செருப்புச் சத்தம். அடுத்த மூச்சில் பழைய இனிப்புக் குரல்: "வாழ்த்துகள் தங்கச்சி, நல்லா இருக்கியா?"

நான் கத்தியும் அசையாத மனுஷன் பையைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். மேனேஜர் கூப்பிட்டான். திரும்பவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார். "மேல போனா பொன்னியோட அப்பன் கேப்பான். எம்பொண்ணப் பாத்தியான்னு கேட்டா இன்னா சார் சொல்லுவேன்?"

அலமேலு இப்போது வேளாண்மைக் காலேஜில் மண்ணைப் படிக்கிறாள். பிள்ளைகளைக் காலேஜில் சேர்த்துவிடவென்று கடை திறந்த நான், ஒரு பிள்ளையைக் காலேஜிலிருந்து வெளியே எடுக்க பொன்னியின் அப்பனோடு மனுவும் கையுமாக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறேன்.